சுவரினுள் ஒளிந்த பழுது

வீட்டிலே ஒரு குழப்பம் நேர்ந்துவிட்டால், எப்பொருள் இயங்கும்போது அக்குழப்பம் தலைகாட்டுகின்றதோ அப்பொருளையே குற்றவாளியெனத் தீர்ப்பளித்துவிடுவது மக்கள் இயல்பு. வகுப்பறையிலும் இதுவே நடக்கின்றது. யாருடைய குரல் ஆசிரியரின் காதில் விழுந்ததோ அவனே எழுந்து நிற்க வேண்டியவனாகிறான். பேச்சைத் தொடக்கிவைத்தவன் புத்தகத்துள் தலையைப் புதைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்துவிடுகிறான். வகுப்பறையில் இத்தவறினால் விளையும் தீங்கு சிறிது. மின்சாரப் பழுதுகளிலோ இது முதலில் பணத்தைக் கேட்கும். பின்னர் உயிரையும் கேட்கக்கூடும்.

இன்றைய பேச்சுக்கு இணுவிலிலே ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வீட்டாரின் பெயரும் ஒழுங்கையின் பெயரும் வேண்டியதில்லை. அத்தகைய வீடு அவ்வூரின் எந்த ஒழுங்கையிலும் இருக்கக்கூடியது.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவிலையும் தாவடியையும் கடந்து இணுவிலை அடைவர். அதற்கப்பால் மருதனார்மடம், அதற்கும் அப்பால் சுன்னாகம். கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சமும், தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) பிறந்த ஊர் என்னும் சிறப்பும் இணுவிலுக்கு உண்டு. ஆனால் இங்கே வேண்டப்படுவது அவ்வூரின் புகழன்று, அதன் மண்ணே. மேலே செம்மண், கீழே சுண்ணாம்புப் பாறை. புகையிலையும் வெங்காயமும் செழிக்கும் அச்செம்மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது. மண்வெட்டி ஓரிரு முழத்திலேயே பாறையில் முட்டுவதுண்டு. சோளகக் காற்று வீசுங் காலத்தில் அம்மண் புழுதியாக உலர்ந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிக் கையில் ஒட்டும். இந்த உலர்வும் ஊறலும் மின்சாரப் பழுதொன்றினுள் எவ்வாறு புகுந்துகொள்கின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

வீட்டைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சுன்னாகத்தில் டீசல் மின்னிலையம் அமைந்தது 1958 இல். அதையடுத்த ஆண்டுகளில் சுற்றுப்புற ஊர்களில் வசதியுள்ளோர் தத்தம் வீடுகளுக்கு வயர் இழுப்பித்தனர். நமது வீட்டின் முன்பகுதிக்கும் அக்காலத்தில்தான் மின்சாரம் வந்தது. சுவர்மீது மரச்சட்டம் அறைந்து, அதன்மேல் தகரப் பிடிகளால் வயரை இறுக்கிச் செல்வது அந்நாளைய முறை. எண்பதுகளின் தொடக்கத்தில் குசினியும் பின் அறையும் கட்டப்பட்டபோது, சுவரைக் கொத்திக் குழாய் பதித்து அதனுள் வயர் செலுத்தும் முறை வந்துவிட்டது. பின்னர் 1990 இல் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கின் ஒளியிலே ஒரு தலைமுறை படித்துத் தேறியது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்றும் இருக்கின்றனர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது இவ்வீடும் பூட்டப்பட்டது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது கூரையிற் பாதி இருந்தது. வயரிற் பெரும்பகுதி இல்லை. அதன்பின் மின்சாரம் சிறிது சிறிதாகத் திரும்பிற்று. சுன்னாகத்தில் ‘உத்துரு ஜனனி’ மின்னிலையம் 2013 இல் திறக்கப்பட்ட காலத்தையொட்டி, தெற்கிலிருந்து வரும் உயரழுத்தக் கம்பியும் மீண்டும் குடாநாட்டை எட்டியது. வெளிநாட்டிலிருந்த மகன் அனுப்பிய பணத்தில் முன்மண்டபம் புதுப்பிக்கப்பட்டு, விறாந்தைச் சுவரிலே புதிய மின்பெட்டியும் பொருத்தப்பட்டது.

ஆக, அவ்வீட்டுச் சுவர்களுக்குள் மூன்று காலத்து வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. எது எங்கே போகின்றது என்பதைக் காட்டும் வரைபடம் எவரிடமும் இல்லை. யாழ்ப்பாணத்தின் பழைய வீடுகள் பலவற்றின் நிலை இதுதான். வீட்டுறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காப்பவர்கள், வயர் செல்லும் வழியை ஒரு தாளிற் கீறி அதனோடு வைக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

குழப்பம் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்திலே. கிணற்றடி மோட்டரைப் போட்டதும் விறாந்தையிலிருந்த ட்ரிப் சுவிச் ‘டக்’கென்று விழும், வீடு முழுவதும் இருளும். மீண்டும் தூக்கிவிட்டால் நிற்கும். மறுபடி மோட்டரைப் போட்டால் மறுபடி விழும். சில வேளைகளில் மூன்றாந்தரம் போடும்போது விழாமல் ஓடும். வீட்டில் இருந்தவர்கள் மூவர்: அண்மையிலே கணவனை இழந்த ஆச்சி, அவருடைய மகள், எட்டாந் தரத்திற் படிக்கும் பேர்த்தி.

மோட்டர் போடும்போது விழுகின்றதாகையால் பழுது மோட்டரில்தான் என்று முதலில் வந்தவர் முடிவு செய்தார். மோட்டர் கழற்றப்பட்டது, பழையதாகிவிட்டது என்று சொல்லிப் புதியது வாங்கப்பட்டது. புதியதும் அவ்வாறே விழுத்தியது. இரண்டாமவர் வந்து, ட்ரிப் சுவிச்சே களைத்துவிட்டது என்றார், அதுவும் மாற்றப்பட்டது. புதிய சுவிச் பழையதினும் விரைவாக விழுந்தது. மூன்றாமவர் சற்றுச் சிந்திக்கத் தெரிந்தவர். மற்றைய பிரேக்கர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டருக்குரியதை மட்டும் போட்டுப் பார்த்தார். அப்போதும் விழுந்தது. எனவே மோட்டருக்குச் செல்லும் வயரிலேதான் பழுது என்று அவர் கொண்டது தவறெனச் சொல்லிவிட முடியாது. எவரும் அவ்வாறே கொள்வர். வீட்டிலிருந்து கிணற்றடி வரை நிலத்தைக் கிண்டிப் புதிய வயர் தாழ்க்கப்பட்டது. அன்று மாலை ஏழு மணிக்கு, மோட்டரை எவரும் தொடாமலிருக்க, விளக்குகள் இரண்டு மட்டும் எரிந்துகொண்டிருக்க, ட்ரிப் சுவிச் தானாகவே விழுந்தது.

இதன்பின் வீட்டில் வேறொரு பேச்சு எழுந்தது. ஐயாவின் அந்தியேட்டி முடிந்த கையோடுதானே இக்குழப்பமெல்லாம் தொடங்கியது என்று அயலவர் ஒருவர் சொன்னார். ஆச்சி மறுமொழி சொல்லவில்லை; ஆயினும் அன்றிரவு அவர் உறங்கவுமில்லை. இப்பேச்சை மூடநம்பிக்கை என்று சிரித்துத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதனுள் ஓர் உண்மையான அவதானம் இருந்தது. குழப்பம் எப்போது தொடங்கியதென்பதை அந்த அயலவர் சரியாகவே சொன்னார். காரணம் பிழையாயினும் காலம் பிழையன்று.

வெளிநாட்டு மகன் தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். “எவ்வளவு காசு போட்டாச்சு, அம்மா. அந்த ட்ரிப் சுவிச்சை விட்டிட்டு நேரை குடுக்கச் சொல்லுங்கோ” என்றார். அயலிலிருந்த இளைஞன் ஒருவன் உதவும் எண்ணத்தோடு வந்து, அச்சுவிச்சின் மேல்வாயையும் கீழ்வாயையும் துண்டு வயர்களால் இணைத்துவிட்டான். அதன்பின் எதுவும் விழவில்லை. மோட்டர் ஓடியது, விளக்கு எரிந்தது. ஒன்பது நாட்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்தனர்.

அந்த ஒன்பது நாட்களே இக்கதையில் அச்சந்தரும் பகுதி. ஏனென்பதை அறிய, ட்ரிப் சுவிச் என்னும் அக்கருவி செய்கின்ற வேலையை விளங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் மின்சாரத்தைக் கொண்டுவருவது உயிர்க்கம்பி. வேலை முடிந்த மின்னோட்டத்தைத் திருப்பிக் கொண்டுபோவது நொதுமற்கம்பி. ஒரு சந்தியிலே எவ்வளவு மின்னோட்டம் புகுகின்றதோ அவ்வளவு வெளியேற வேண்டும் என்ற விதியை ஜெர்மன் அறிஞர் கேர்க்கோவ் 1845 இல், மாணவராக இருந்தபோதே எடுத்துரைத்தார். ட்ரிப் சுவிச் அந்த விதியை மட்டுமே அறிந்த ஒரு கணக்கப்பிள்ளை. எவ்வளவு போகின்றது என்பது அதற்குப் பொருட்டன்று. ஐந்து அம்பியர் போனாலும் முப்பது அம்பியர் போனாலும் அது வாய்திறவாது. போனது முழுவதும் திரும்பி வந்ததா என்பதே அதன் கேள்வி. வரவிற்கும் செலவிற்கும் இடையே 30 மில்லியம்பியர், அதாவது ஓர் அம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, குறைந்தால் அது கதவைச் சாத்திவிடும். குறைந்த பங்கு எங்கே போயிற்று? நிலத்திற்குள் போயிருக்க வேண்டும். ஒருவேளை ஒரு மனித உடலினூடாகப் போயிருக்கலாம். பத்துப் பதினைந்து மில்லியம்பியரிலேயே தசைகள் இறுகிப் பிடித்த பிடியை விடமுடியாமற் போவதை அமெரிக்கப் பேராசிரியர் சாள்ஸ் டால்சீல் ஆராய்ந்து கண்டார். அவரே 1961 இல் இத்தகைய காப்புக் கருவியொன்றையும் அமைத்தார். நூறு மில்லியம்பியர் அளவு நெஞ்சினூடாகச் சென்றால் இதயத்தின் தாளம் குலைந்துவிடும்.

பிரேக்கர் இருக்கின்றதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். இலங்கையின் வீடுகளிலே புவிக்கம்பி வீட்டாரே நிலத்தில் அறைந்த செப்புக் கோலொன்றில் முடிகின்றது. பாறைக்கு மேலுள்ள ஆழமற்ற மண்ணில் அக்கோலின் தடை மழைக்காலத்திலேயே அறுபது ஓம் வரை இருக்கலாம். கிணற்றடி மோட்டரின் உட்கம்பி இற்றுப்போய் அதன் இரும்புடலைத் தொடுகின்றதென வைத்துக்கொள்வோம். 230 வோல்ற்றை 60 ஓமினாற் பிரித்தால் வருவது நான்கு அம்பியருக்கும் குறைவு. மோட்டருக்குரிய பிரேக்கரோ 16 அம்பியருக்கு மேலே சென்றாலன்றி அசையாதது. எனவே அது வாளாவிருக்கும். மோட்டரின் உடலில் ஏறக்குறைய முழு வோல்ற்றளவும் நின்றுகொண்டேயிருக்கும். ஈரநிலத்தில் வெறுங்காலோடு வாளியைத் தூக்கவரும் பிள்ளையின் கை அதிற் பட்டால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆற்றோர வண்டல் நிலத்தில் ஆழமாகக் கோல் அறையக்கூடிய ஊரவர்க்குத் தடை ஓரளவு குறையும். சுண்ணாம்புப் பாறைமீது வாழும் யாழ்ப்பாணத்தவர்க்கு ட்ரிப் சுவிச்சைத் தவிர வேறு காவல் இல்லை என்றே சொல்லிவிடலாம். அந்தக் காவலனைத்தான் ஒன்பது நாட்கள் கட்டிப்போட்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் நாலாமவர் வந்தார். வயது முதிர்ந்த மின்வேலைக்காரர். சிறு துணிப்பையும் ஒரு ‘மெகர்’ பெட்டியுமே அவரிடமிருந்தவை. மின்பெட்டியைத் திறந்து பார்த்தவர், ஒரு கேள்வியும் கேட்குமுன் அந்தத் துண்டு வயர்கள் இரண்டையும் கழற்றித் தம் பையிற் போட்டுக்கொண்டார். அதன்பின்னரே திண்ணையில் அமர்ந்து தேநீர் வாங்கிக் குடித்தார்.

“ஆச்சி, இது எப்ப துவங்கினது?” என்று கேட்டார்.

“இவரின்ரை அந்தியேட்டி முடிஞ்ச கையோடை, தம்பி” என்று ஆச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவர் சிரிக்கவில்லை. பேர்த்தியை அழைத்து, “பிள்ளை, ஒரு கொப்பி எடும். ஒரு கிழமைக்கு இது விழுகிற நேரமெல்லாம் எழுதி வையும். அப்ப வீட்டிலை என்னென்ன ஓடினது, வெளியிலை மழையா வெயிலா, அதையும் எழுதும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்தவர் ஒன்றையும் கழற்றவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை என்று மகளுக்குச் சற்று மனக்குறைதான். கூலியும் அவர் அன்று கேட்கவில்லை.

ஒரு கிழமையின் பின் அக்கொப்பியிலே பதினொரு பதிவுகள் இருந்தன. மோட்டரைத் தொடக்கும்போது விழுந்தவை ஆறு. மின்கேத்திலில் நீர் கொதிக்கும்போது விழுந்தவை இரண்டு. ஆனால் அதே கேத்தில் வேறு நாட்களில் விழுத்தாமலும் இருந்தது. பின்னேரம் ஏழு மணியளவில், வீட்டில் பெரிதாக எதுவும் ஓடாதபோது விழுந்தவை இரண்டு. எஞ்சிய ஒன்று இரவு ஒன்பது மணிக்கு நேர்ந்தது. அதன் பக்கத்தில் “முன் ஒழுங்கையில் கலியாண வீடு, நிறைய லைற், மேளம் நடந்தது” என்று பிள்ளை எழுதியிருந்தாள். நடுவிலே இரண்டு நாள் மழை ஓய்ந்து நல்ல வெயில் எறித்தது. அவ்விரண்டு நாளும் கேத்தில் ஒருமுறையும் விழுத்தவில்லை. பள்ளிக்கூடங்களில் விஞ்ஞான பாடத்துக்கென எழுதுவிக்கப்படும் அவதானக் கொப்பிகளுள் இத்துணைப் பயன்பட்டவை சிலவே இருக்கும்.

முதியவர் அதை இருமுறை வாசித்தார். மோட்டர் மட்டும் விழுத்துவதானால் மோட்டரைச் சந்தேகிக்கலாம். கேத்திலும் விழுத்துகின்றது, அடுத்த ஒழுங்கையின் கலியாண விளக்கும் விழுத்துகின்றது. ஆகவே விழுத்துவது எந்தப் பொருளும் அன்று. சுமை என்பதே விழுத்துகின்றது, அது யார் வீட்டுச் சுமையாயினும் சரி. அடுத்தவர் வீட்டுச் சுமை இவ்வீட்டுக்குள் நுழையக்கூடிய வழி ஒன்றே உண்டு. அதுதான் எல்லா வீட்டாரும் பொதுவாகப் பயன்படுத்தும் நொதுமற்கம்பி.

நொதுமற்கம்பியில் வோல்ற்றளவு இல்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். நிலைமாற்றியின் அடியிலே அது உண்மை. அங்கே அக்கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் நிலைமாற்றியிலிருந்து வீடுவரை வரும் நீண்ட கம்பிக்கும் சிறிது தடையுண்டு. அது 0.2 ஓம் என்று கொள்வோம். மோட்டர் ஓடும்போது ஐந்து அம்பியர் எடுக்கும். புறப்படும் கணத்திலோ இருபத்தைந்து அம்பியர் வரை இழுக்கும். அக்கணத்தில் வீட்டிலுள்ள நொதுமற்கம்பி நிலத்தைவிட ஐந்து வோல்ற் உயர்ந்து நிற்கும். தொட்டாலும் தெரியாத அளவு. ஒருவரையும் ஒன்றும் செய்யாத அளவு. ஆயின் வீட்டினுள் எங்கோ ஓரிடத்தில் நொதுமற்கம்பி புவிக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ஐந்து வோல்ற் செப்புக் கோலின் வழியே நிலத்துக்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். ஐந்தை அறுபதால் பிரித்தால் ஏறக்குறைய 80 மில்லியம்பியர். கணக்கப்பிள்ளைக்கு முப்பதே மிகை. கேத்திலின் ஒன்பது அம்பியருக்கு இக்கணக்கின்படி முப்பது மில்லியம்பியர் வரும். எல்லைக்கோட்டில் நிற்கும் அளவு அது. ஆகவேதான் சில நாள் விழும், சில நாள் விழாது. மாலை ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்கேற்றும்போது பொதுக்கம்பியில் வோல்ற்றளவு உயரும். இவ்வீட்டில் ஒன்றுமே ஓடாவிட்டாலும் விழும்.

மண்ணின் கதையும் இங்கேதான் வந்து சேர்கின்றது. மழையில் ஊறிய மண்ணிலே அறுபது ஓமாக இருந்த கோலின் தடை, நிலம் முற்றாக உலர்ந்த ஆடி, ஆவணியில் முந்நூறு ஓமாகக்கூட ஏறிவிடலாம். அப்பொழுது அதே ஐந்து வோல்ற் பதினேழு மில்லியம்பியரை மட்டுமே தள்ளும். சுவிச் பெரும்பாலும் விழாது. பழுது அங்கேயே இருக்கும், வெளிப்படாமல் இருக்கும். மழை பெய்தால் வீட்டில் எங்கோ ஒழுக்கு என்றுதான் பலரும் தேடுவர். உண்மையிலோ மழை பழுதை உண்டாக்கவில்லை. இருந்த பழுதைப் பேசவைத்தது.

மூன்றாமவரின் சோதனை ஏன் தவறியது என்பதும் இப்போது விளங்கும். பிரேக்கரை அணைத்தால் துண்டிக்கப்படுவது உயிர்க்கம்பி மட்டுமே. நொதுமற்கம்பிகள் யாவும் மின்பெட்டியிலுள்ள ஒரே செப்புச் சட்டத்தில் எப்போதும் இணைந்தபடியே இருக்கின்றன. ஆகவே எல்லாப் பிரேக்கர்களையும் அணைத்தபோதும் பழுதான கம்பி சட்டத்திலிருந்து விலகவேயில்லை. அணைத்துவிட்டோம் என்று நம்பியது அணையாமலே இருந்தது. பயின்ற மின்வேலைக்காரரையும் இந்த ஓரிடம் ஏமாற்றிவிடுவதுண்டு.

முதியவர் பிரதான ஆளியை அணைத்தார். அது உயிர், நொதுமல் ஆகிய இரண்டையும் ஒருங்கே துண்டிக்கும் வகையினது. பின்னர் மெகரின் ஒரு முனையை நொதுமற் சட்டத்திலும் மறுமுனையைப் புவிக்கம்பியிலும் பொருத்தினார். நல்ல வயரானால் முள் மில்லியன் ஓமைக் காட்ட வேண்டும். அது பூச்சியத்தில் கிடந்தது. சட்டத்திலிருந்து நொதுமற்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றலானார். மோட்டரின் கம்பியைக் கழற்றினார், முள் அசையவில்லை. குசினி, பின் அறை, விறாந்தை விளக்கு, எதற்கும் அசையவில்லை. ஆறாவது கம்பியைக் கழற்றியதும் முள் துள்ளி எழுந்தது. அது புதுப்பிக்கப்பட்ட முன்மண்டபத்தின் குதைகளுக்குச் செல்லும் கம்பி. வீட்டிலேயே மிகப் புதிய வயர். எவரும் சந்தேகிக்காத வயர்.

அச்சுற்றிலே எட்டுக் குதைகள். முதலாவதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பவர் பலர். முதியவர் நடுவிலுள்ளதைத் திறந்து, வயரை அங்கே பிரித்தார். முன்பாதி நல்லது, பின்பாதியிற் பழுது. பின்பாதியின் நடுவை மீண்டும் பிரித்தார். எஞ்சியவை இரண்டு குதைகள். அவற்றுக்கிடையே மூன்றாம் முறையும் பிரித்துப் பார்த்ததும் இடம் தெரிந்துவிட்டது. கிழக்குச் சுவரிலே, மேலிருந்து நேர்கீழாக ஒரு குதைக்கு இறங்கும் வயர் அது.

அக்குதைக்கு நேர்மேலே ஐயாவின் படம் மாலையோடு தொங்கியது. படத்தின் கீழே சிறிய மின்விளக்கொன்று. அதன் வயர் குதைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே படம் அவ்விடத்தில் மாட்டப்பட்டிருந்தது. அந்தியேட்டிக்கு முதல்நாள் மருமகன் முறையான ஒருவர் வந்து ஆணி அறைந்து மாட்டிக் கொடுத்தார். சாந்துக்கு அடியிலிருந்த குழாயையும் அதனுள்ளே நொதுமற்கம்பியின் மேலுறையையும் துளைத்துச் சென்ற அவ்வாணி, புவிக்கம்பியைத் தொட்டு நின்றது. உயிர்க்கம்பியைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அன்றே வெளிச்சமாகத் தெரிந்திருக்கும். இத்தனை வாரம் ஒளிந்திருந்திருக்க முடியாது.

ஆச்சியிடம் இதை எவ்வாறு சொல்வது என்று முதியவர் சற்றுத் தயங்கினார். படத்தைத் தாமே மெல்லக் கழற்றி, ஆச்சியின் கையிற் கொடுத்துவிட்டே ஆணியைக் காட்டினார். “ஐயா ஒண்டும் செய்யேல்லை, ஆச்சி. ஆணி ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை” என்றார். ஆச்சி படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை அவ்விடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

இறங்கும் வயர் முழுவதும் உருவியெடுக்கப்பட்டுப் புதியது செலுத்தப்பட்டது. உறை கிழிந்த இடத்தில் நாடா சுற்றிவிட்டுப் போகலாமே என்று மகள் கேட்டார். சுவருக்குள் மறைந்துவிடும் இடத்தில் நாடாவை நம்பக்கூடாது என்று அவர் உடன்படவில்லை. சட்டத்தில் எல்லாக் கம்பிகளையும் மீளப் பொருத்தி மெகரை வைத்தபோது முள் உயரச் சென்று நின்றது. மோட்டரைப் பத்துத்தரம் போட்டு அணைத்தார்கள். சுவிச் அசையவில்லை.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. வீட்டின் பின்புறம் சென்று செப்புக் கோலைப் பார்த்தார். தாழ்வாரத்தின் கீழே, மழைநீர் படாத இடத்தில், அரைவாசி வெளியே தெரிய நின்றது அது. பாறையில் முட்டியதும் அறைந்தவர் அவ்வளவில் விட்டுவிட்டார் போலும். கிணற்றடி வாய்க்காலோரத்தில், ஆண்டு முழுவதும் ஈரங் கசியும் வாழைப்பாத்திக்கு அருகே, மண் ஆழமுள்ள இடம் பார்த்து இரண்டு கோல்களை இடைவெளிவிட்டு அறைந்து இணைக்கச் செய்தார்.

படம் ஒரு சாண் தெற்கே தள்ளி மாட்டப்பட்டது. விளக்கின் வயர் அங்கிருந்தும் எட்டியது. ஆணி அறையுமுன் முதியவர், குதைக்கும் ஆளிக்கும் நேர்மேலும் நேர்கீழும், அவற்றின் மட்டத்தில் இடமும் வலமும் வயர் ஓடக்கூடும் என்று பேர்த்திக்குச் சுவரிலே விரலாற் கோடிட்டுக் காட்டினார். அவள் அதைத் தன் கொப்பியின் அடுத்த பக்கத்தில் வரைந்துகொண்டாள். ட்ரிப் சுவிச்சின் முகத்திலுள்ள சிறு பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும், அழுத்தியதும் விழுந்தால் அது விழித்திருக்கின்றது என்பது பொருள், விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும் என்பதையும் அவளிடமே ஒப்படைத்தார். முதற் பதிவுக்கு அன்றைய திகதியே இடப்பட்டது. முதலில் குற்றஞ் சாட்டப்பட்டுக் கழற்றப்பட்ட பழைய மோட்டர் பின்விறாந்தையில் சாக்கு மூடிக் கிடந்தது. அதையும் மெகரில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல மோட்டர் என்று சொல்லிவிட்டுப் போனார். தைமாதம் வெங்காயத் தோட்டத்துக்கு நீரிறைக்க அது எடுத்துச் செல்லப்பட்டது.